நாலாவது புகைபோக்கி

ஜனவரி 3, குன்னூர்

அளவு எடுக்க ஆரம்பித்தாயிற்று. வீடு பெரிதாக, ஈரமாக, கொஞ்சம் முட்டாள்தனமாக இருக்கிறது.

1886இல் ஒரு காப்பித் தோட்டத்துத் துரை கட்டியது. தன் ஊரில் பார்த்த வீட்டை அப்படியே இங்கே இறக்கி வைத்திருக்கிறார். கூரை செங்குத்தாகச் சரிகிறது, பனி வழுக்கி விழுவதற்காம். குன்னூரில் எந்தக் காலத்தில் கூரை மேல் பனி குவிந்தது? வெயிலைப் பிடிக்கத் தெற்கே துருத்திக்கொண்டு ஒரு பட்டை ஜன்னல். இங்கே வெயில் மண்டை மேல் அடிக்கும், பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் சுண்ணாம்புக் கலவை அருமை. சாவியால் சுரண்டிப் பார்த்தேன், சாவிதான் தேய்ந்தது.

நான் வந்த காரணம் பாகப்பிரிவினை. தாத்தா விட்டுப்போன வீட்டை அப்பாவும் பெரியப்பாவும் பிரித்துக்கொள்ளப் போகிறார்கள். பெரியப்பா சென்னியப்பன் குடும்பத்தோடு இங்கேயே இருக்கிறார். அப்பா குழந்தைவேலு திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். முறை என்னவென்றால், மூத்தவர் இரண்டு பங்காகப் பிரிப்பார், இளையவர் முதலில் எடுப்பார். எடுத்தவர் சொன்ன சொல் சொன்னதுதான். மார்கழியில் எதையும் பிரிக்க மாட்டார்களாம். தை பிறந்த பிறகு, ஜனவரி கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் முழு வரைபடம் வேண்டும்.

"படிச்சவன் நம்மூட்டுலயே இருக்கறப்ப வெளியாள எதுக்குக் கூப்புடோணும்?" என்றார் பெரியப்பா. நான் கோயமுத்தூரில் கட்டட உறுதி பார்க்கும் பொறியாளன். கூலியும் கிடையாது. இரண்டு தரப்புக்கும் நான்தான் சௌகரியம்.

ஜனவரி 5

மூலப் பத்திரம் எல்லாவற்றையும் பெரியப்பா எடுத்துக் கொடுத்தார். துரையிடமிருந்து ஒரு மிஷன் டாக்டரம்மா வாங்கியிருக்கிறார். அவரிடமிருந்து கோயமுத்தூர்ப் பஞ்சு வியாபாரி ஒருவர். அவர் ஒரு நாள்கூடக் குடியிருக்கவில்லை, வாடகைக்கு விட்டே ஓட்டியிருக்கிறார். 1961இல் தாத்தா.

பத்திரம் பெயரைத்தான் சொல்லும். வீட்டை என்ன செய்தார்கள் என்பதைச் செங்கல்தான் சொல்லும். துரையின் செங்கல் மெல்லியது, சுண்ணாம்பில் உட்கார்ந்திருக்கும். டாக்டரம்மா காலத்துச் செங்கல் கொஞ்சம் தடிமன். நம் ஆட்கள் தொட்ட இடமெல்லாம் சிமெண்ட், தூரத்திலேயே தெரிகிறது.

மேற்குச் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. திறந்தால் ஆறடிப் பள்ளம். படியில்லை. டாக்டரம்மா நோயாளிகளுக்காக வைத்திருக்கலாம், பிறகு யாரோ படியை எடுத்திருக்கலாம். லாம், லாம். எனக்கு இந்த லாம் பிடிக்காது. ஒரு வீட்டில் கை வைப்பவன் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். வைக்காதவனை உள்ளே போடச் சட்டம் வேண்டும்.

என் வரைபடத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று குறிப்பு கட்டாயம். யார், எப்போது, காரணம்.

ஜனவரி 6

பெரியம்மா காலையில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போட்டார். மூன்று முறை போட்டுக்கொண்டேன். வேலை பாதி நாள் தாமதம்.

ஜனவரி 8

கணக்கு இடிக்கிறது.

மேல்தள வரைபடத்தைக் கீழ்த்தள வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். எல்லாச் சுவரும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காருகிறது, வடகிழக்கு மூலையைத் தவிர. அங்கே மேல் அறையில் சுவர் ஒன்றரை அடி உள்ளே புடைத்து நிற்கிறது. நேர் கீழே பூஜை அறை. அங்கே சுவர் வழவழவென்று தட்டையாக இருக்கிறது.

தப்பாக அளந்துவிட்டேனோ என்று மறுபடி அளந்தேன். நான் தப்பாக அளப்பதில்லை.

வெளியே போய்க் கூரையைப் பார்த்தேன். நாலு புகைபோக்கி. உள்ளே வந்து கீழ்த்தளத்தில் தேடினேன். மூன்று கணப்படுப்புதான் இருக்கிறது.

நாலாவது புகைபோக்கி எதன் மேல் நிற்கிறது?

ஜனவரி 9

மேல் அறை மூலையில் தரைப்பலகை ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தேன்.

எதன் மேலும் நிற்கவில்லை. தொங்குகிறது. கீழே இருந்த கணப்படுப்பையும் அதைச் சுற்றிய கட்டுமானத்தையும் யாரோ மொத்தமாக உடைத்து எடுத்திருக்கிறார்கள். மேலே இருந்ததை அப்படியே விட்டுவிட்டார்கள். மேல் அறைச் செங்கல், அதற்கு மேல் கூரைக்கு வெளியே நீட்டிய புகைபோக்கி எல்லாம் இரண்டு ஈட்டி மர உத்தரங்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அந்த உத்தரங்கள் தரைப்பலகையைத் தாங்க வைத்தவை, ஐந்து டன் செங்கல்லைத் தாங்க அல்ல. ஒன்றில் நீளவாக்கில் வெடிப்பு, என் சுண்டுவிரல் நுழைகிறது. ஈட்டி என்பதால் இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. வேறு மரமாக இருந்தால் என்றோ கதை முடிந்திருக்கும்.

வெட்டிய இடத்தில் சிமெண்ட் பூச்சு. அப்படியானால் துரையும் இல்லை, டாக்டரம்மாவும் இல்லை. நம் வீட்டு வேலைதான். காரணமும் தெரியும். வடகிழக்கு ஈசானிய மூலை. அங்கே நெருப்பு இருக்கக் கூடாது, சாமிதான் இருக்க வேண்டும் என்று எவனோ வாஸ்து சொல்லியிருப்பான். வெள்ளைக்காரன் வீட்டை வாங்கி ஈசானியத்தைச் சரிசெய்திருக்கிறார்கள். நெருப்பை எடுத்தார்கள், புகைபோக்கியை மறந்தார்கள்.

பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தேன். விளக்கு தெரிந்தது. பெரியம்மா மணி அடித்துக்கொண்டிருந்தார். காலையும் மாலையும் அவர் உட்காரும் மணைப்பலகை சரியாக அதன் அடியில் இருக்கிறது.

ஜனவரி 10

மழை. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 12

சொன்னேன்.  "அண்ணனுக்குத் தெரியுமா?" என்றார் அப்பா ஃபோனில்.

"தெரியாது."

"நான் பங்கு எடுக்கற வரைக்கும் வாயத் தொறக்காத."

வியாபார ரீதியாகச் சரிதான். வீட்டை வடக்கு, தெற்கு என்று இரண்டாக வெட்டத்தான் முடியும். வடக்குப் பங்கில் பூஜை அறை வரும். சாமி இருக்கும் பங்கு என்பதால் அப்பா அதைத்தான் எடுப்பார் என்று பெரியப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்பாவுக்கும் நேற்றுவரை அதே எண்ணம்தான். இப்போது தெற்கை எடுத்துவிட்டால் உறுதியான பாதி நமக்கு. அதை விற்றால் நான் சொந்தமாக அலுவலகம் போடுவதாக ஏற்கெனவே பேச்சு. இடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறேன், காந்திபுரத்தில், இரண்டாவது மாடி. பெயர்ப்பலகைக்கு எழுத்துருகூடத் தேர்ந்தாயிற்று.

நான் யாரையும் ஏமாற்றவில்லை. என்னிடம் அளவு கேட்டார்கள், அளவு கொடுக்கிறேன். உறுதி எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 13

மேட்டுப்பாளையத்தில் எங்கள் வேலை ஒன்று நடக்கிறது. அங்கே போய் ஒரு இரும்பு முட்டு கொண்டுவந்தேன். திருகினால் உயரும், சென்ட்ரிங் ஆட்கள் ஜாக்கி என்பார்கள். பூஜை அறையில் நிறுத்தி, வெடித்த உத்தரத்தின் அடியில் திருகி இறுக்கினேன். மேலே, வெடிப்பின் குறுக்கே ஒன்றும், இரண்டாவது உத்தரம் சுவரில் உட்காரும் இடத்தில் ஒன்றுமாகச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வைத்தேன். மரம் அசைந்தால் கண்ணாடி உடையும். இது தொழில் ஒழுங்கு. வேறு ஒன்றும் இல்லை.

பெரியப்பா மகள் மேகலா அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தேயிலை ஏல அலுவலகத்தில் வேலை. நாக்கு நீளம்.

"ஏண்டா தரணி, பூஜை ரூம்ல கம்பம் நடறதுக்கு எந்தக் காலேஜ்ல சொல்லித் தராங்க?"

"மரம் பழசுக்கா. சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

"சும்மாவுக்கு யாராச்சும் மேட்டுப்பாளையத்துல இருந்து இரும்பு தூக்கிட்டு வருவாங்களா? நீ பஸ்ல வந்தா பையையே கண்டக்டர்கிட்டக் குடுத்துத் தூக்கச் சொல்ற ஆளு."

 சாமி படத்துக்கு முன்னால் செருப்போடு நின்றிருக்கிறேன் என்பதைக் கண்டுபிடித்து அதற்கும் ஒரு பாட்டு விட்டாள்.

ஜனவரி 15

பொங்கலுக்கு வீடு கழுவியபோது பெரியம்மா முட்டுக் கம்பத்தையும் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்திருக்கிறார். சாமந்திச் சரம் வேறு சுற்றியிருக்கிறது.

"பெரியம்மா, இது இரும்பு."

"இருக்கட்டும் கண்ணு. சாமி ரூமுக்குள்ள வந்துருச்சல்லோ."

ஜனவரி 20

பெரியப்பா என் வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டார். எதிர்பார்த்தபடியே. தெற்கில் பெரிய கூடம், கேட், சாலை, கார் நிறுத்த இடம். வடக்கில் சின்ன அறைகள், பின்பக்கம் ஒற்றையடிப் பாதை, பூஜை அறை. தம்பி சாமியைத்தான் எடுப்பான், அதனால் சாமிக்கே பாதி விலை வைத்துவிட்டார். நல்ல மூளை. ஆனால் இன்று அந்த மூளை நமக்கு வேலை செய்கிறது. தெற்கு பெரிதும்கூட, உறுதியும்கூட.

அப்பாவிடம் சொன்னதும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரவு சாப்பாட்டில் பெரியப்பா என் தட்டில் தயிரை ஊற்றிக்கொண்டே, "கோடு நேர்மையா இருக்குதா சாமி?" என்றார்.

"அளவு சரியா இருக்குது பெரியப்பா" என்றேன்.

ஜனவரி 24

ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது.

முட்டு நிற்கும் பக்கம் அசையவில்லை. இரண்டாவது உத்தரம் அசைகிறது. இன்னொரு முட்டு வைக்க வேண்டும். வைத்தாலும் அது வைத்தியம் இல்லை, வாய்தா. புகைபோக்கியை மேலிருந்து ஒவ்வொரு செங்கல்லாகக் கழற்றி இறக்குவதுதான் வழி.

பெரியம்மாவிடம், கொஞ்ச நாளைக்கு ஹாலில் விளக்கு வைக்கலாமே என்றேன். ஈசானியத்தில் விளக்கு அணைந்தால் ஆகாது என்றார். இரண்டாவது முட்டு கொண்டுவந்தால் அதற்கும் பூ வாங்க வேண்டும், சாமந்தி விலை தெரியுமா என்று மேகலா அக்கா கேட்டாள்.

வாங்கினேன், பூவையும் சேர்த்து.

ஜனவரி 29

திரும்பத் திரும்ப ஒரே கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். விடை மாறவில்லை. வேறு வேலை பார்க்கலாம்.

ஜனவரி 31

இதை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

காலை பத்து மணிக்கு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அப்பா திருப்பூரிலிருந்து வந்திருந்தார், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல். பத்திரம் எழுதுபவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தேன். பெரியப்பா எழுந்து கோட்டைக் காட்டி, "மூத்தவன் பிரிச்சுட்டேன். இளையவன் எடுத்துக்க" என்றார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா பூஜை அறையிலிருந்து கற்பூரத் தட்டோடு வந்தார். முதலில் முட்டுக் கம்பத்துக்குக் காட்டிவிட்டுத்தான் எங்களிடம் கொண்டுவந்தார். அப்பா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தம்பி, நீங்க அந்த மூலையத்தான் எடுப்பீங்கன்னு தெரியும்" என்றார் பெரியம்மா. "எடுத்துக்கங்க. ஆனா வெளக்கு மட்டும் நானே வெச்சுக்கறேன். முப்பது வருசமா வெக்கறேன். நடுவுல செவுரு வந்தாலும் ஒரு கதவு விட்டுருங்க. கேக்கறது தப்புன்னா மன்னிச்சுருங்க."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "அண்ணி, நான் எடுக்கறது..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா, சொல்லாதீங்க" என்றேன்.

 சொன்ன சொல் திரும்பாது, அதனால்தான். பிறகு நான் பெரியப்பாவைப் பார்த்து நேராகவே சொன்னேன். "பூஜை ரூம் மேல அஞ்சு டன் செங்கல் அந்தரத்துல தொங்குது. வடக்குப் பங்கு ஆபத்து. மூணு வாரமா எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்."

அப்பாவையும் ஏன் இழுத்தேன் என்று தெரியவில்லை. பாதி உண்மை சொல்ல எனக்கு வராது.

பெரியப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "என்ற பங்கு கோட்ட நொட்ட சொல்றதுக்கா உன்னைய வரச் சொன்னேன்? அப்பனும் மகனும் பேசி வெச்சுட்டு வந்துட்டு, கோட்ட மாத்தறதுக்கு நாடகமா போடறீங்க?"

"நாடகம்னா மேல வந்து பாருங்க" என்றேன்.

"பாத்துட்டு வந்து திட்டுங்கப்பா. திட்டறதுக்கும் ஆதாரம் வேணுமல்லோ" என்றாள் மேகலா அக்கா.

எல்லோரும் ஏறினோம். பலகையைத் தூக்கினேன். டார்ச் அடித்தேன். பெரியப்பா மண்டியிட்டு வெடிப்பில் விரலை விட்டார். இரண்டு கணு உள்ளே போனது. கீழே, நேர் அடியில், மணைப்பலகை தெரிந்தது.

எழுந்திருக்காமலே சொன்னார். "இத ஒடைச்சது நாந்தான்."

நான் தாத்தா என்று நினைத்திருந்தேன்.

"உங்கப்பனுக்கு டைபாய்டு. பிழைக்க மாட்டான்னு கோயமுத்தூர்ல இருந்து திருப்பி அனுப்பீட்டாங்க. ஈசானியத்துல நெருப்பு இருக்கற வரைக்கும் கடைசிப் பையன் தங்க மாட்டான்னு ஒருத்தன் சொன்னான். கொத்தனாருக்கு ஆள் விட்டா அடுத்த நாள்தான் வருவேன்னாங்க. அடுத்த நாள் வரைக்கும் யாரு இருக்கறது? நானே கடப்பாரைய எடுத்துட்டேன். எனக்கு அப்ப இருவது வயசு. மேல என்ன நிக்குதுன்னு யாரு பாத்தா?"

டைபாய்டைக் குணமாக்கியது மருந்தாகத்தான் இருக்கும். செங்கல்லுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை. இதை அங்கே சொல்ல வந்தேன். மேகலா அக்கா என் காலை மிதித்தாள்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். "அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு" என்றார். "காய்ச்சல்ல, என்ற மண்டைக்குள்ளதான் இடிக்குதுன்னு நெனச்சேன். ராத்திரி பூரா கேட்டுச்சு. அது நீயாண்ணா?"

"பின்ன வேற யாரு?"

கீழே இறங்கினோம். பெரியப்பா பென்சிலை எடுத்தார். "கோடு தப்பு. நான் மறுபடி பிரிக்கறேன். கேட்டையும் ரோட்டையும் வடக்குல சேத்தறேன்."

"வேண்டாம்" என்றார் அப்பா. "கோடு போட்டாச்சு. நான் எடுத்தாச்சு. வடக்கு எனக்கு."

"டேய், அது இடிஞ்சு விழுகற பங்குடா."

"அதுக்குத்தான் இன்ஜினியர் இருக்கானல்லோ. உன்ற பக்கம் இருந்தா நீ யாருகிட்டப் போவ? என்ற பையன் மாதிரி கூலியில்லாம எவன் வருவான்?"

பத்திரம் எழுதுபவர், "அப்ப எழுதீரலாமுங்களா?" என்று கேட்டார். சொன்ன சொல் சொன்னதுதான்.

காந்திபுரம், இரண்டாவது மாடி, எழுத்துரு. எல்லாம் ஒரு வாக்கியத்தில் போயிற்று.

பிப்ரவரி 1

கோபமாகத்தான் இருக்கிறது. அப்பாவை ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டபோது கேட்டேன். சரிசெய்துவிட்டுச் சமமாகப் பிரித்திருக்கலாமே என்றேன்.

"வாயத் தொறக்காதன்னேன். தொறந்த. இப்ப வேலையப் பாரு" என்றார். ரயில் நகர்ந்ததும் ஜன்னல் வழியாக, "நல்லாப் பேசின" என்றார். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 6

சாரம் கட்டியாயிற்று. இரண்டு கொத்தனார்கள், நான், அழைக்காமலே வந்து நிற்கும் பெரியப்பா. மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கழற்றுகிறோம். சுண்ணாம்பு என்பதால் செங்கல் உடையாமல் வருகிறது. சிமெண்டாக இருந்தால் தூள்தான்.

அதைக் கட்டிய துரையைப் பற்றி நான் முதல் நாள் எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். கூரை முட்டாள்தனம்தான். ஆனால் புகைக்குழாய் ஒரு இடத்தில் லேசாக வளைந்து மேலே போகிறது, மழை நேராக அடுப்பில் விழாமலிருக்க. உள்பூச்சு இன்னும் கெட்டி. அந்த ஆளுக்கு வேலை தெரியும்.

பிப்ரவரி 11

உள்பக்கக் கரி கையில் ஒட்டினால் போகவில்லை. துரையும் டாக்டரம்மாவும் குளிர் காய்ந்த கரி. சோற்றில் கை வைத்தபோது மேகலா அக்கா, "ஆங்கிலேயர் ஆட்சி இன்னும் உன்ற நகத்துல இருக்குது, போயிக் கழுவு" என்றாள்.

பெரியப்பா செங்கல்லைக் கீழே அடுக்கிக்கொண்டிருக்கிறார். வேண்டாம், ஆள் இருக்கிறது என்றேன். கேட்கவில்லை. தானே உடைத்ததைத் தானே இறக்குகிறார் போலும். லாம், போலும் எல்லாம் எனக்குப் பிடிக்காது, ஆனால் கேட்கவும் தோன்றவில்லை.

பிப்ரவரி 19

கடைசி வரிசையும் இறங்கியது. இரண்டு ஈட்டி உத்தரங்களையும் எடுத்துவிட்டு இரும்பு விட்டம் போட்டு, முட்டுகளைத் தற்காலிகமாக அதன் அடியில் நிறுத்தினோம். கூரைத் துவாரத்தில் ஓட்டுக்குப் பதில் கண்ணாடி ஓடு வைத்தேன், மேல் அறைக்கு வெளிச்சம் வரட்டும் என்று. கழற்றிய செங்கல்லை வைத்து மேற்குக் கதவுக்கு ஆறடிப் பள்ளத்தில் படி கட்டியாயிற்று. நடுச்சுவர் எழுப்பும்போது பெரியம்மாவுக்குக் கதவு எங்கே வரும் என்பதையும் குறித்துவிட்டேன்.

மார்ச் 2

வேலை முடிந்தது. கிளம்பும் முன் முட்டுகளைக் கழற்றப் போனேன். இரண்டாவதைக் கழற்றினேன். முதலாவதின் திருகில் கை வைத்ததும் பெரியம்மா வந்துவிட்டார்.

"அத என்ன பண்ற?"

"பெரியம்மா, மேல இப்ப பாரமே இல்ல. இது வெறும் கம்பி. எதையும் தாங்கல."

"தாங்கினதல்லோ."

"அது அப்போ. இனி தேவையில்ல. வாடகைக்கு எடுத்தது, திருப்பிக் குடுக்கோணும்."

"வேற வாங்கிக் குடு."

விசை, பாரம், நிலைப்பு எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சாமந்திச் சரத்தை மாற்றினார். பெரியப்பாவிடம் போனேன். "சாமி விசயத்துல அவகிட்ட நான் பேசறதில்ல" என்றார். அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். பங்கு அவருடையது, அவர் சொன்னால் சரி. "அண்ணி விடலீனா விட்டுரு" என்று வைத்துவிட்டார்.

இன்னும் நூறு வருஷம் கழித்து எவனோ ஒரு பொறியாளன் இந்த வீட்டை அளக்க வருவான். பூஜை அறை மூலையில், எதையும் தாங்காமல், மேலே விட்டத்தையும் கீழே தரையையும் தொட்டுக்கொண்டு ஒரு இரும்புக் கம்பம் நிற்கும். மடையர்கள் என்று திட்டுவான். நான் அவன் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

அதனால் கடைசி வரைபடத்தில் அதையும் குறித்தேன். இரும்பு முட்டு, பாரம் இல்லை. யார்: தரணீதரன். எப்போது: இந்த மார்கழிக் கடைசி. காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்.

பெரியம்மா விடவில்லை.